சற்றே திரும்பிய தலை

மாலை நாலு இருபது. அக்கா மகனின் அலமாரியில் பிளாஸ்டிக்கில் செய்த குட்டி மனித பொம்மைகள் வரிசையாக நின்றன. எல்லாத் தலைகளும் சற்றே திரும்பியிருந்தன.

"நேரா வெச்சா செத்தாப்ல கீது மாமா. லேசா திருப்புனா எதையோ பாக்கற மாதிரி ஆயிடும்" என்றான்.

நான் ஐந்தாவது படித்தபோது நைனா பக்கவாதத்தில் விழுந்தார். பேச்சு போய்விட்டது. தினமும் காலையில் அம்மா அவரை வாசலில் நாற்காலியில் உட்காரவைத்து, கடைவாய் எச்சிலை முந்தானையால் துடைத்து, தலையைத் தெருப்பக்கம் திருப்பிவைப்பாள்.

"தெருவப் பாத்துக்கினு இருந்தாதான் நாலு பேரு பேசுவாங்க. இல்லன்னா மறந்துடுவாங்க."

பால்காரர் மட்டும் சைக்கிளை நிறுத்துவார். "இன்னாண்ணே, காலைலயே யார நோட்டம் வுடற?"

நைனாவுக்குப் பதிலாக அம்மா சிரிப்பாள்.

பக்கவாதம் வந்த அன்றே நைனாவுக்குப் பார்வையும் போயிருந்ததென்று ஆறு மாதம் கழித்து டாக்டர் சொன்னார்.