இடப்பக்கக் கண்ணாடி இல்லாத வண்டி

பெருகி வந்த வெள்ளத்தைச் சுழித்து மண்ணுக்குள் இறக்கி இச்சீமையைக் காத்தவனே, திருச்சுழியில் வீற்றிருக்கும் எந்தையே, உன் மேனியில் இடப்பாகத்தை அம்மைக்குத் தந்துவிட்டு அதில் குறை காணாதவனே, முதலில் உன் தாள் பணிகிறேன். நான் சொல்லப் போவது சிறிய செய்தி. ஒரு சிறிய காரைப் பற்றியது. சிறியது என்று நீ எதையும் தள்ளியதில்லை என்னும் துணிவில் எழுதுகிறேன்.

இன்று தைப்பூசம். நிறைமதியும் பூசமும் கூடிய நன்னாள். விடியலில் நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதி முடித்து உட்கார்ந்திருக்கிறேன். சன்னலுக்கு வெளியே, தகரக் கொட்டகையின் கீழ், அந்தக் கார் நிற்கிறது. பதினைந்து ஆண்டு முடிந்து, மறுபதிவும் ஆகிவிட்டது. இதை விற்றுவிட்டு நல்லதாக ஒன்று வாங்கலாமே என்று கேட்காத உறவினர் இல்லை. ஏன் விற்கவில்லை என்பதை ஒருமுறையாவது முழுமையாகச் சொல்லிவிட வேண்டும்.

அருப்புக்கோட்டையில் எனக்கு நூல் கடை. ஐம்பத்தெட்டு வயது வரை எனக்கு வாய்த்த வாகனம் ஒரு மொபெட். முன்னால் நூல் கட்டு, பின்னால் என் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவள். இளம் வயதிலேயே கணவரை இழந்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். எங்கள் தந்தையார் எங்கள் இருவருக்கும் பதிகங்களை ஒன்றாகச் சொல்லிக் கொடுத்தார். ஓர் அடியை நான் எடுத்தால் அடுத்த அடியை அவள் தொடர வேண்டும், அதுவே பழக்கம். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் திருச்சுழிச் சந்நிதியில் அப்படித்தான் பாடுவோம். ஒருவர் ஓரடி தவறினாலும் மற்றவர் கைகொடுத்துவிடுவதால், இருவரும் சேர்ந்தால்தான் பதிகம் முழுமையாக இருந்தது.

பிறகு அவள் முழங்கால்கள் பழுதாயின. பஸ்ஸின் முதற்படி அவளுக்கு மலையாயிற்று. மொபெட்டில் உட்கார்ந்தால் பள்ளத்துக்குப் பள்ளம் இடுப்பு நோவும். வாடகைக் கார் பிடிக்கிறேன் என்றால் சினந்துகொள்வாள்.

“கல்யாணத்துக்குப் போறவுகளும் ஆஸ்பத்திரிக்குப் போறவுகளும்தாம்லே வாடகைக் காரு பிடிப்பாக. எனக்கு ரெண்டும் இல்ல” என்பாள்.

மூன்று தைப்பூசங்கள் அவள் வரவில்லை. நான் மட்டும் போய், எனக்குரிய அடிகளைப் பாடிவிட்டு, அவளுக்குரிய அடிகளையும் நானே பாடி வந்தேன்.

அந்த நாள்களில்தான் எங்களைப் போன்றவர்களும் வாங்கும்படியான சிறிய கார்கள் ஊருக்கு ஊர் வரத் தொடங்கின. மளிகைக் கடைக்காரர் வாங்கினார். பள்ளி ஆசிரியர் வாங்கினார். தறி ஓட்டுபவர் ஒருவரும் வாங்கினார். நானும் மனைவியோடு மதுரைக்குப் போனேன். இருந்தவற்றுள் விலை குறைந்ததைக் காட்டச் சொன்னேன். அதில் குளிர்சாதனம் கிடையாது. கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் ஏற்றி இறக்க வேண்டும். பின்வரும் வண்டியைப் பார்க்கும் வெளிக்கண்ணாடி ஓட்டுநர் பக்கம் மட்டுமே இருந்தது, இடப்பக்கம் இல்லை. “அது வேணும்னா தனியாப் போடணும் சார்” என்றார் விற்பனையாளர்.

“வேண்டாம். இடப்பக்கத்தை அம்மை பார்த்துக்கொள்வாள்” என்றேன். அவர் ஒன்றும் விளங்காமல், என் மனைவியைச் சொல்கிறேன் என்று எண்ணி, அவளைப் பார்த்து வணக்கம் சொன்னார். நிறத்தை அவர்கள் வெள்ளி என்றார்கள். எனக்கு அது திருநீறாகத் தோன்றியது.

வண்டி வீட்டுக்கு வந்த அன்று அக்கா வாசலில் இறங்கி அதன் பக்கத்தில் நின்றாள். கதவைத் திறக்கச் சொல்லி, இருக்கையின் உயரத்தைத் தன் முழங்காலோடு கைவைத்து ஒப்பிட்டாள். “நம்ம வீட்டு நாற்காலி ஒசரந்தாம்லே” என்றாள். அவள் முகத்தில் அன்று கண்ட ஒளியை நான் அந்த மூன்று ஆண்டுகளில் கண்டதில்லை. பூசை போட்டு முதல் ஓட்டம் தைப்பூசத்தன்று திருச்சுழிக்குத்தான் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவளுக்காகத்தான் வாங்கினேன் என்பதை மட்டும் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும் என்று விட்டுவிட்டேன்.

கார் ஓட்ட எனக்குக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்து ஊரான வீரசோழனைச் சேர்ந்த துணி வியாபாரி ஒருவர். சவுதியில் பல காலம் தண்ணீர் லாரி ஓட்டித் திரும்பியவர். என் கடைக்கு வந்து போய் நண்பரானவர். நீர் வற்றிய கண்மாய்க்குள் வண்டியை இறக்கி ஓட்டச் சொன்னார். “இங்க முட்டுறதுக்கு ஒண்ணும் இல்லண்ணே. முட்டணும்னா கருவேலமரத்தத் தேடித்தான் போகணும்” என்று தைரியம் சொன்னார். நான் தேடிப் போகாமலே ஒன்றில் முட்டினேன். அவர் மட்டும் குறைந்தவரா? முதல் நாள் ஓட்டிக் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தவர், கியர் போட வலக்கையை வீசிக் கதவில் இடித்துக்கொண்டார். அந்நாட்டு வண்டிகளில் கியர் வலப்பக்கம் இருக்குமாம். “கை இன்னும் ஊரு வந்து சேரலண்ணே” என்று விரல்களை ஊதிக்கொண்டார்.

தைப்பூசம் வந்தது. நல்ல நேரம் பார்த்து ஒன்பதரைக்குப் புறப்படுவதாக ஏற்பாடு. விடியுமுன்பே அக்கா எழுந்து புளியோதரை கிளறினாள். வண்டிக்கு மாலை தொடுத்தாள். சக்கரங்களுக்கு அடியில் வைக்க நான்கு எலுமிச்சம்பழங்களைப் பொறுக்கி, வடுவில்லாதவையா என்று பார்த்து, தாம்பாளத்தில் வைத்தாள். எல்லாம் முடித்து, உள்ளே போய், அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

புது வண்டி புறப்படும்போது கைம்பெண் எதிரே வரலாகாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையை எவருக்கும் வைக்காமல் தானே விலகிக்கொள்வது அவளுக்கு முப்பது ஆண்டுப் பயிற்சி. என் மனைவி எதிரே நிறைகுடம் ஏந்தி நின்றாள். தேங்காய் உடைந்தது. நான்கு பழங்களும் நசுங்கின. மனைவி பின்னால் ஏறிக்கொண்டாள். நண்பர் என் அருகில் அமர்ந்தார். பின்னிருக்கையில் மனைவிக்குப் பக்கத்து இடத்தில் பூசைக் கூடையை வைத்தோம்.

அந்தக் கதவு சாத்தியிருந்ததை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே கிளட்சை மிதித்தேன். நல்ல நேரம் தவறிவிடும் என்ற அச்சம் ஒரு பக்கம். தெருவே கூடி நின்று பார்த்தது மறுபக்கம். கூட்டத்தின் முன்னால் கார் ஓட்டும் பெருமிதத்தில், யாருக்காக அந்தக் காரோ அவளை விட்டுவிட்டு அதை ஓட்டிப் போனேன்.

திருச்சுழியில் அர்ச்சனை ஆயிற்று. கைகூப்பிப் பதிகத்தின் முதல் அடியை எடுத்தேன். அடுத்த அடிக்காக வாய் தானே நின்றது. மூன்று ஆண்டுகள் அந்த அடியையும் நானே பாடியிருக்கிறேன். அன்று பாட முடியவில்லை. வண்டி இல்லை என்ற சாக்கு அன்று இல்லையே. சிவாச்சாரியார் தீபத்தை ஏந்தியபடி என்னைப் பார்த்தார். நான் மனைவியிடம்கூடச் சொல்லாமல் வெளியே வந்தேன்.

நண்பர் மதிலோரம் வண்டிக்குக் காவலாக நின்றிருந்தார். “என்னண்ணே, அதுக்குள்ளயா? எதையும் மறந்துட்டீகளா?”

“அக்காவை மறந்துவிட்டேன்” என்றேன்.

“தேங்காய மறந்தா இங்கனயே வாங்கிக்கிடலாம். அக்காவ எந்தக் கடையிலண்ணே வாங்குறது? ஏறுங்க” என்றார்.

மறந்துவிட்டேன் என்று அவரிடம் சொன்னது பொய். அதை இன்றுதான் எழுத்தில் திருத்துகிறேன்.

உச்சிப் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் போய்த் திரும்ப வேண்டும். நண்பர் ஓட்டுகிறேன் என்றார், நான் மறுத்துவிட்டேன். கரிசல் வெளியினூடே, எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் ஒதுங்கி நின்று, நாற்பதைத் தாண்டாமல் ஓட்டி வீட்டுக்கு வந்தேன். அடுப்படிக் கதவு அப்போதும் சாத்தித்தான் இருந்தது. தட்டினேன்.

கதவைத் திறந்தவள் கோயிலுக்குப் போகும் சேலையில் இருந்தாள். எங்கள் ஊர்த் தறியில் நெய்த, மாம்பழ நிறச் சேலை. நெற்றியில் நீறு. தலை வாரி முடிந்திருந்தது.

“என்னலே, வண்டி படுத்திருச்சா?”

“இல்லக்கா. ஒன்னயக் கூட்டிட்டுப் போக வந்தேன்.”

“மொத ஓட்டத்துல நான் வரக் கூடாதுன்னுதானே உள்ள கெடந்தேன்?”

“மொத ஓட்டம் முடிஞ்சுருச்சு. போனது ஒண்ணு, வந்தது ரெண்டு. இது மூணாவது.”

வாசலில் நின்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். “வாங்கக்கா. பழத்தையும் நசுக்கியாச்சு, வேலமரத்துலயும் முட்டியாச்சு, அண்ணனும் ஓட்டியாச்சு. இதுக்கு மேல இந்த வண்டிக்கு என்ன வந்துறப் போகுது?”

அக்கா சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்:

“கதவு சாத்தியிருந்ததப் பாத்தியா, பாக்கலியா?”

“பாத்தேன்.”

“தட்டுவேன்னுதாம்லே சேலையக் கட்டிட்டு உக்காந்திருந்தேன்.”

நான் குனிந்து அவள் காலைத் தொட்டேன். “எந்திரி, நடை சாத்திருவாக” என்றாள்.

நண்பர் முன்கதவைத் திறந்து பிடித்தார். “மொதல்ல உக்காருங்கக்கா. கால அப்பறமா ஒண்ணு ஒண்ணா உள்ள எடுங்க.” அவள் அப்படியே செய்தாள். நாற்காலியில் உட்கார்வது போலத்தான் இருந்தது. படி ஏறவில்லை; யாரும் கைத்தாங்கலாகத் தூக்கவில்லை. நண்பர் பின்னிருக்கைக்குப் போய், “இங்க உக்காந்தா சவுதியில மொதலாளிங்கக்கா” என்று கால்மேல் கால் போடப் பார்த்தார், இடம் போதவில்லை.

இடப்பக்கக் கண்ணாடி ஏன் இல்லை என்று அக்கா கேட்டாள். சொன்னேன். அதுமுதல் அந்தப் பொறுப்பை அவளே ஏற்றுக்கொண்டாள். சன்னல் கண்ணாடியைக் கீழே இறக்கித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஆடு வருது”, “சைக்கிள்காரன் ஒட்டி வாரான்”, “பஸ்ஸுக்கு வழிய விடுலே, அவன் பாவம் அவசரமாப் போறான்” என்று கோயில்வரை சொல்லிக்கொண்டே வந்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தியாயிற்று. இனி நான்கு மணிக்குத்தான். வாசல் நிழலில் பூசைக் கூடையோடு என் மனைவி நின்றிருந்தாள்.

“புது வண்டிக்குப் பூசை போட்ட அன்னைக்கே பொண்டாட்டியக் கோயில்ல விட்டுட்டு ஓடுன மனுசன் ஒங்களத் தவிர யாரும் இருக்க மாட்டாக” என்று தொடங்கியவள், வண்டிக்குள் பார்த்துவிட்டுச் சட்டென்று குரல் மாறினாள். “மதினி! வந்துட்டீகளா?” என்று ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரம் விடவேயில்லை.

ஒரு வேம்பின் நிழலில் வண்டியை நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்து வைத்தோம். நண்பர் அடுத்த மரத்தடியில் துண்டை விரித்து நண்பகல் தொழுகையான லுஹரை முடித்துவிட்டு வந்தார். புளியோதரையை வாழை இலைத் துண்டுகளில் வைத்து, மடியிலேயே வைத்து உண்டோம். பின்னர் மனைவி பின்னிருக்கையில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். வெளியே வெயில், உள்ளே வேப்பங்காற்று. அந்தச் சிறிய கூட்டுக்குள் எங்களுக்கு எதுவும் குறைவாக இல்லை. என் வாழ்நாளில் சுகமாகக் காத்திருந்த நேரம் அதுவே.

அக்கா மெல்லப் பதிகத்தை எடுத்தாள். எப்போதும் நான் எடுக்கும் முதல் அடியை அன்று அவள் எடுத்தாள். நான் தொடராமல் அவளையே பார்த்தேன்.

“என்னலே, மறந்து போச்சா?” என்றாள்.

“இல்லக்கா” என்று சொல்லி, இரண்டாம் அடியை நான் பாடினேன். பதிகம் முழுவதும் அப்படியே, இடம் மாறியபடியே பாடி முடித்தோம். நடை திறந்ததும் சந்நிதியில் மறுபடி பாடினோம். அங்கும் அவளே முதலில் எடுத்தாள். அதன் பின் எல்லாத் தைப்பூசத்துக்கும் அந்த முறையே நிலைத்தது.

அந்த வண்டியின் முன்னிருக்கையில் பன்னிரண்டு தைப்பூசங்களுக்கு அவள் வந்தாள். இடையில் ஒரு முறைகூட இடப்பக்கத்தில் எதையும் நான் உரசியதில்லை. கண்ணாடி பொருத்தும்படி பலர் சொன்னார்கள், அவள் சம்மதிக்கவில்லை. “அப்ப எனக்கு என்னலே வேலை?” என்று கேட்டாள். அவள் சிவபதம் சேர்ந்த பிறகு, மறுபதிவுக்குப் போனபோது பொருத்திக் கொண்டேன். ஓட்டும்போது அதில் பார்க்கிறேன். ஆடும் சைக்கிளும் ஓசையில்லாமல் தெரிகின்றன.

இன்றும் திருச்சுழிக்குப் புறப்பட வேண்டும். மனைவி வாசலில் நின்று அழைக்கிறாள். முன்னிருக்கையில் இப்போது அவள்தான். இரண்டாம் அடி எனக்கு. முதல் அடியை எடுக்க அவளும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

இதைப் படிக்கும் நீங்கள் எவராயினும் நலமே வாழ்க. உங்கள் வீட்டில் சாத்திய கதவுக்குப் பின்னால் ஆடையுடுத்திக் காத்திருப்பவர் உண்டெனில், அதைத் தட்டும் நினைவை உங்களுக்குப் பெருமான் காலத்தே அருள்க. உங்கள் வண்டி சிறிதாயினும் பெரிதாயினும் அதில் ஓரிடம் எப்போதும் ஒருவருக்கென இருக்க. போகும் வழியெல்லாம் நிழலாகுக. போனவர் யாவரும் பாடிக்கொண்டே வீடு திரும்புக.