கமான் பட்டையும் ஒரு கூடை முட்டையும்

எனக்கு அப்போது முப்பது வயது. அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. தலைக்கனம் கொஞ்சம் அதிகம். இப்படிப்பட்டவன் பழைய கார் வாங்காமல் இருக்க முடியாது. அறுபதுகளின் கடைசியில், மதுரையில் ஒரு வக்கீல் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்த வெள்ளைக்காரன் காலத்துக் காரை நான் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தேன். கறுப்பு நிறம், தோல் சீட்டு, அழுத்தினால் மாடு மிரளும் ஹாரன். தெருவே கூடி நின்று பார்த்தது. என் மனைவி மட்டும் பின் சீட்டைத் தடவி, விரலில் ஒட்டிய கோழி இறகைக் காட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வளைகாப்பு முடிந்து அவளைத் திருச்சுழியில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்ப வேண்டும். காரில்தான் போக வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பஸ்ஸில் போகலாம் என்றாள். கார் வைத்திருப்பவன் பொண்டாட்டி பஸ்ஸில் போவதா என்று எகிறினேன். பாதி வழியில் ஒரு பாலத்துப் பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அவள் உச்சந்தலை கூரையில் இடித்தது. கூடவே காரின் அடியில் படார் என்று ஒரு சத்தம். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள், பின்னால் வந்த திருச்சுழி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தினாள், ஏறிப் போய்விட்டாள். நான் அவளுடைய டிரங்குப் பெட்டியோடு நடுரோட்டில் நின்றேன்.

"இனி அந்த வண்டியில ஏற மாட்டேன்" என்று அவள் சொல்லியனுப்பினாள். "இனி திருச்சுழிக்கு வந்தா என் கார்லதான் வருவேன்" என்று நான் சொல்லியனுப்பினேன். இந்தத் தூது போனதும் வந்ததும் அதே பஸ்ஸின் கண்டக்டர் வழியாக. அவர் என் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி, படியில் தொங்கியபடி, எல்லாப் பிரயாணிகளுக்கும் கேட்கிற மாதிரி விஷயத்தைச் சொல்வார். பிரயாணிகளும் தங்களுக்குத் தோன்றியதைச் சொல்வார்கள். எங்கள் குடும்பச் சண்டையில் கருத்துச் சொல்லாத ஆள் அந்த வழியில் இல்லை.

பையன் பிறந்த அன்று எனக்குத் தாங்கவில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறவில்லை. அந்தப் பக்கம் சரக்கு ஏற்றப் போன லாரியில் தொற்றிக்கொண்டு போய், பிள்ளையை எட்டிப் பார்த்துவிட்டு அதே லாரியில் திரும்பினேன். அதற்குப் பிறகு இதோ மதுரையிலிருந்து சாமான் வருகிறது, இதோ கார் தயாராகிவிடும் என்று நாள் ஓடியது. சாமானும் வரவில்லை, நானும் போகவில்லை. மணிக்கு ஒரு பஸ் என் கடையைத் தாண்டித்தான் போனது. இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாம் மாதம் பிள்ளையையும் தாயையும் வீட்டுக்கு அழைக்க நாள் குறித்தார்கள். கண்டக்டர் வந்து நிறுத்தினார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"அண்ணாச்சி, உங்க வீட்டம்மா சொல்லச் சொன்னாக. ஒரு கூடை முட்டைய அந்தக் காரோட பின் சீட்டுல வச்சு, கூட ஆள் உக்காராம, அருப்புக்கோட்டையில இருந்து ஓட்டிட்டு வரணுமாம். முட்டை உடையாம வந்தா அவுகளும் பிள்ளையும் கார்ல வருவாகளாம். உடைஞ்சா நீங்க பஸ்ஸுல ஏறணுமாம்."

பஸ்ஸுக்குள் ஒரே கைதட்டல். எனக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கே காரை உருட்டிக்கொண்டு பந்தல்குடிக்குப் போனேன்.

தூத்துக்குடி ரோட்டில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு பாயின் பட்டறை இருந்தது. லாரிக்குக் கமான் பட்டை செட் செய்வதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அச்சுக்கு மேலே வில்லாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வண்டியின் பாரத்தைத் தாங்குகிற இரும்புப் பட்டைகள்தான் கமான். பாய் என் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"அஞ்சு பட்டையில ஒண்ணு முறிஞ்சிருக்கு. மத்த நாலும் வளைவு செத்துப் போச்சு. முறிஞ்சத மாத்தி, மத்ததக் காய்ச்சி அடிச்சு வளைச்சுத் தாரேன். லோடு எவ்வளவு ஏத்துவீக மொதலாளி?"

லாரிக்காரர்களிடம் கேட்கிற கேள்வியை என்னிடமும் கேட்டார். நான் விரல்விட்டு எண்ணினேன். மனைவி, பிள்ளை, கூடவே துணைக்கு வரும் மாமியார். மாமியார் வந்தால் அவருடைய அக்காவும் வருவார். இருவருமே நல்ல கனம். அப்புறம் தொட்டில், பித்தளை அண்டா, பலகாரச் சட்டி, பூசணிக்காய். வழியில் யாராவது கைகாட்டினால் அவர்களும். எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னேன். பாய் தாடியைச் சொறிந்தார்.

"கூலி எப்படி?" என்று கேட்டேன்.

"ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. பட்டைக் கணக்கு இல்ல."

இங்கேதான் என் வியாபாரப் புத்தி வேலை செய்தது. ஐந்து பட்டைக்கும் அதே கூலி, ஏழு பட்டைக்கும் அதே கூலி என்றால் எவனாவது ஐந்தோடு நிறுத்துவானா? பட்டறை மூலையில் ஒரு பழைய வேனின் பட்டைகள் கிடந்தன. பக்கத்துக்கு இரண்டு அதிலிருந்து சேர்த்துப் போடச் சொன்னேன்.

"வேண்டாம் மொதலாளி. பட்டை கூடக்கூட வண்டி விறைச்சுக்கிரும். இது காரு."

வேலைக்குச் சோம்பி மனுஷன் சாக்குச் சொல்கிறார் என்று நான் முடிவு செய்தேன். போட்டே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அவர் என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உலையை ஊதச் சொன்னார்.

இரண்டு நாள் வேலை. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பட்டையைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, அடித்து வளைத்து, எண்ணெயில் அமுக்கும்போது வருகிற புகையில் என் வெள்ளைச் சட்டை பழுப்பாகிப்போனது. டீ குடிக்க நின்ற லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக வந்து குனிந்து பார்த்தார்கள். "என்ன மொதலாளி, காருல கருங்கல்லு ஏத்தப் போறீகளா?" என்று ஒருவர் கேட்டார். "மாமியார ஏத்தப் போறேன்" என்றேன். "அப்ப இன்னும் ரெண்டு பட்டை போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் லாரியில் ஏறினார்.

பேசிய கூலியை முழுசாகக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தேன். வாலைத் தூக்கிய கோழி மாதிரி பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. பரவாயில்லை, கம்பீரம்தான் என்று நினைத்தேன். அருப்புக்கோட்டை வந்து சேர்வதற்குள் என் பல்லெல்லாம் ஆடிவிட்டது. ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கூழாங்கல்லும் இடுப்பில் வந்து பேசியது. சோதனைக்கு வீட்டில் இருந்து நாலு முட்டையைப் பின் சீட்டில் வைத்துத் தெருக்கோடி வரை ஓட்டிப் பார்த்தேன். நாலும் போயிற்று.

மறுநாள் பாயிடம் போய்க் கத்தினேன். கூலியைத் திருப்பிக் கேட்டேன். அவர் நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் பட்டைக்குத்தான் கூலி வாங்குனேன் மொதலாளி. உங்க ரோசத்துக்குத் தனியா வாங்கல. நீங்க சொன்ன லோடு ஏத்துனீகளா? ஏத்துங்க, வண்டி தொட்டில் மாதிரி போகும். இல்லையா, விட்டுட்டுப் போங்க. ரெண்டு நாள்ல அந்த ரெண்டு பட்டையையும் உருவித் தாரேன். கூலி வேண்டாம்."

இரண்டு நாள் ஏது? நல்ல நாள் மறுநாளே. பின் சீட்டில் ஆள் உட்காரக் கூடாது என்றுதானே அவள் சொன்னாள். மூட்டையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று என் மூளை மின்னியது. ஊருக்குத் திரும்பி, பருத்தி விதை மூட்டை நாலைக் காருக்குள் திணித்தேன். சீட்டு மேல் இரண்டு, கால் வைக்கிற இடத்தில் இரண்டு. காரின் வால் மரியாதையாகக் கீழே இறங்கியது. மறுநாள் காலையில் மூட்டைமேல் முட்டைக் கூடையை வைத்துப் புறப்பட்டேன்.

பாய் சொன்னது சத்தியம். கரிசல் காட்டு ரோட்டில் கார் மிதந்து போனது. அந்தப் பாழாய்ப்போன பாலத்தையும் சத்தமில்லாமல் தாண்டினேன். திருச்சுழி எல்லையில் நிறுத்திக் கூடையைப் பார்த்தேன். ஒரே ஒரு முட்டையில் மட்டும் கீறல். அதை அங்கேயே உடைத்துப் பச்சையாகக் குடித்து, முட்டை ஓட்டைக் கருவேலம் புதருக்குள் எறிந்தேன். இதை இதுவரை யாரிடமும் நான் சொன்னதில்லை.

ஹாரன் சத்தத்துக்கு மாமனார் வீட்டுத் தெருவே வெளியே வந்துவிட்டது. நான் கூடையை எடுத்து எல்லோருக்கும் காட்டினேன். மனைவி கூடையைப் பார்க்கவே இல்லை. நேராக வந்து பின் கதவைத் திறந்தாள். மூட்டைகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"முட்டைக்கு மெத்தை போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீக. நானும் பிள்ளையும் மூட்டைக்கு மேலயா உக்காரணும்?"

"மூட்டைய எறக்கிருவோம். அதுக்குப் பதிலா அத்தையும் பெரியம்மாவும் உக்காரட்டும். கனம் சரியா இருக்கும்" என்றேன். வாய் தவறி உண்மை வந்துவிட்டது.

மாமியார் கையில் இருந்த ஆரத்தித் தட்டைத் தங்கை முறையுள்ள ஒருத்தியிடம் கொடுத்துவிட்டார். "மாப்பிள்ளை, என்னையப் பருத்தி விதைக்குப் பதிலாவா ஏத்தப் பாக்குறீக?" தெரு சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சிவந்தது. மாமனார் மட்டும் மூட்டைகளைத் தட்டிப் பார்த்து, விதை நல்ல விதைதான் என்று தம் மாடுகளுக்காகச் சந்தோஷப்பட்டார்.

பேச்சை மாற்ற நினைத்து, பிள்ளையைக் கொண்டுவரச் சொன்னேன். உள்ளிருந்து தூக்கி வந்தார்கள். கன்னம் உப்பி, கண்ணில் மையிட்டு, பிறந்த அன்று நான் பார்த்த சிவப்புக் குஞ்சுக்கும் இவனுக்கும் சம்பந்தமே இல்லை. நான் கையை நீட்டினேன். அவன் என் மீசையை உற்றுப் பார்த்தான். உதடு பிதுங்கியது. பிறகு வீறிட்டு அழுது, தூக்கி வந்தவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மாமனாரிடம் போனான், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனான், வேடிக்கை பார்க்க வந்த கண்டக்டரிடம்கூடச் சிரித்துக்கொண்டே போனான். என்னிடம் மட்டும் வரவில்லை.

தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது. மனைவி கேலியாக ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகத்தான் சொன்னாள்.

"மணிக்கொரு பஸ்ஸு இருக்கு. அஞ்சு மாசம்."

முட்டைக் கூடையை மாமியார் கையில் கொடுத்தேன். கார்ச் சாவியை மாமனாரிடம் கொடுத்தேன். "பஸ்ஸு எப்போ?" என்று கண்டக்டரைக் கேட்டேன். அவர் வாழ்க்கையில் அன்று ஒரு நாள்தான் சத்தமில்லாமல் பதில் சொன்னார்.

அந்த பஸ் என் காரைவிட மோசமாகக் குலுக்கியது. பாலத்துப் பள்ளத்தில் ஆள் ஆளுக்கு ஒரு சாண் எழும்பி உட்கார்ந்தோம். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள், ஆனால் உதட்டோரம் துடித்தது. பிறகு என்னைக் கேட்காமலே பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டாள்.

பாதி வழி வரை அவன் கத்தித் தீர்த்தான். பஸ்ஸே எனக்கு யோசனை சொன்னது: நிறுத்திப் பிடி, தோளில் போடு, மீசையை மூடு. ஒரு கையால் மீசையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெல்ல மெல்ல அழுகை விக்கலானது, விக்கல் நின்றது. அவன் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துத் திருக ஆரம்பித்தான். கொஞ்ச நேரத்தில் கஞ்சி போட்ட என் புதுச் சட்டை வெதுவெதுப்பாக நனைந்து வேட்டி வரை இறங்கியது.

மனைவி கையை நீட்டினாள். "குடுங்க, துணிய மாத்திட்டுத் தாரேன்."

"இருக்கட்டும்" என்றேன். வீடு வந்து சேரும்வரை நான் அவனைக் கீழே விடவில்லை.