ஆறாம் தேதி என்று அச்சான சுற்றறிக்கை

எங்கள் தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். சேர்க்கை, வருகைப் பதிவு, தட்டச்சு, தொலைபேசி, தொலைந்துபோன டிபன் பாக்ஸ் மூடிகள் எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குச் சுற்றறிக்கை அக்கா என்று பெயர். வைத்தது நான்தான். பதினெட்டு வருடமாக, பெற்றோருக்கான புத்தாண்டுச் சுற்றறிக்கையை அவர்தான் தயாரிக்கிறார்.

அதில் இருப்பதெல்லாம் எனக்கு மனப்பாடம் என்று நினைத்திருந்தேன். பள்ளி திறக்கும் நாள், தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள், பிள்ளையின் தலையில் பேன் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், வாசலில் வண்டியை நிறுத்தாதீர்கள். உண்மையில், இரண்டாம் வகுப்பு ஆசிரியையான நானே அதைப் படித்துப் பல வருடமாகிறது. பெற்றோர்களோ போன் குழுவில் வருவதைப் பார்ப்பதோடு சரி. தாளோ பள்ளிப் பையின் அடியில் கிடந்து கசங்கும். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று அக்காவே சொல்லிச் சொல்லி அலுத்துப் போனார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருடம். வம்பில்லாமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும்தான் இப்போது அவருடைய ஆசை.

அலுத்தவர் என்ன செய்வார்? போன வருடச் சுற்றறிக்கையைக் கணினியில் திறந்து, மாற்ற வேண்டியதை மாற்றி, அச்செடுப்பார். ஈயடிச்சான் காப்பிதான். இந்த முறை ஆண்டை மாற்றினார், தேர்வு நாட்களை மாற்றினார், பள்ளி திறக்கும் தேதியை மாற்ற மறந்தார். எட்டாம் தேதி திறக்க வேண்டிய பள்ளி, தாளில் ஆறாம் தேதியே திறந்துவிட்டது. இருநூறு வீடுகளுக்குப் போன தாளில் ஒருவர்கூடத் தவறைக் கண்டுபிடிக்கவில்லை. போன் குழுவில் எட்டாம் தேதி என்றே வந்திருந்தது.

ஆறாம் தேதி காலை ஒன்பது மணிக்கு வகுப்பறையை ஒழுங்குபடுத்த வந்தேன். பூட்டிய கேட்டுக்கு வெளியே ஓர் ஆள், பக்கத்தில் சீருடையில் அவர் மகள். என் வகுப்புப் பெண்தான். ஏழரையிலிருந்து நிற்கிறார்களாம். சாவியோடு வந்த அக்கா அவர்களைப் பார்த்ததுமே நின்றுவிட்டார். அந்தப் பெண் மடித்த தாளை எடுத்து நீட்டினாள்.

அவள் அப்பாவுக்கு அன்றுதான் ஒரு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் புது வேலை, எட்டு மணிக்குச் சேர வேண்டும். வீட்டில் வேறு யாரும் கிடையாது. பள்ளி திறக்கும் நாளைப் பார்த்துத்தான் அந்தத் தேதிக்கே ஒப்புக்கொண்டிருக்கிறார். தெருவில் ஏழு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை. போன் செய்ததற்கு மேற்பார்வையாளர், மதியத்துக்குள் பள்ளியிலிருந்து கடிதம் கொண்டுவா, இல்லாவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றாராம்.

"எனக்குப் படிக்க வராதுங்க. இவதான் ஒரு வரி விடாம படிச்சுக் காட்டுவா. பேன் விஷயம்கூட," என்றார் அவர்.

அக்காவின் முகத்தை அப்போது பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அவர் சந்தித்த முதல் வாசகர்கள் இவர்கள்தான்.

பத்தரைக்குத் தலைமையாசிரியை வந்தார். கடிதம் கூடவே கூடாது என்றார். இந்த மாதம் ஆய்வு வருகிறது. தவறை ஒப்புக்கொண்டு பள்ளி முத்திரையோடு ஒரு தாள் வெளியே போனால் யார் பதில் சொல்வது? விடுமுறை நீட்டிக்கப்பட்டதாக வாயால் சொல்லி அனுப்புங்கள் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதில் எங்கள் தலைமையாசிரியைக்கு நல்ல பழக்கம். நான் வாயைத் திறக்கவில்லை. அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அக்காவும் எதிர்த்துப் பேசவில்லை. தம் இடத்துக்கு வந்து உட்கார்ந்து தட்டச்சு செய்தார். 'அச்சிடும்போது நேர்ந்த பிழை' என்றெல்லாம் சுற்றி வளைக்கவில்லை. தேதியைத் தவறாக அச்சிட்டது நான், தந்தை மீது குற்றமில்லை, பள்ளி திறக்கும்வரை இரண்டு நாளும் பிள்ளை என் பொறுப்பில் இருக்கும் என்று எழுதி, கீழே தம் முழுப்பெயரைப் போட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

கடிதத்தை மகள் வாங்கி, எழுத்துக்கூட்டி, சத்தமாகப் படித்தாள். அப்பா கடைசிவரை கேட்டார்.

"இதனால உங்களுக்கு ஒண்ணும் வராதே?"

"வரும். நீங்க கிளம்புங்க, மணி பதினொண்ணு ஆகுது."

அவர் ஓடினார். அந்தப் பெண் இரண்டு நாளும் அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்தாள். மூன்றாம் நாள், பள்ளி நிஜமாகவே திறந்த அன்று, அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்கத் தலைமையாசிரியை முடிவு செய்தார். பள்ளியில் தட்டச்சு தெரிந்த வேறு ஆள் இல்லை. ஆகவே தமக்கான மெமோவை அக்காவே தட்டச்சு செய்து, கையெழுத்துக்குக் கொண்டுபோய் வைத்தார். தேதியை மட்டும் என்னை ஒருமுறை பார்க்கச் சொன்னார். நான் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன்.