கஞ்சி போட்ட திரை

படம் காட்டத் திரை கட்டுற வேலையில கைக்குப் பாடு கொஞ்சம், நெஞ்சுக்குத்தான் அதிகம். வெங்காயம் உரிச்சுக்கிட்டே எழுதுறேன். ஒரு கண்ணு கொடியில காயுற திரைத்துணி மேலயே இருக்கு. கைக்குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு, நாலு பேர் முன்னால நிக்கவே கூசுற அக்கா தங்கச்சிகளுக்கு என் பாடு சொல்லாமலே புரியும்.

திண்டுக்கல்லில் ஒரு வாத்தியார் மூணு நாள் பட விழா வச்சார். பெரிய கம்பெனி எடுத்த படங்கள் இல்லை; அவரவர் நகை நட்டை வித்து எடுத்த படங்கள். தியேட்டர் கிடைக்காததால் பள்ளிக்கூட மைதானத்தில் ஏற்பாடு. சின்னாளபட்டியில் எங்க தறியில் நெய்த வெள்ளைத் துணியைத்தான் திரைக்கு வாங்கினார். தைச்சு, கட்டி, காவல் இருக்கிறது என் வேலை. விழா நல்லபடி முடிஞ்சா மாசாமாசம் கூப்பிடுறதாச் சொன்னார். எங்க வீட்டுக்காரர் சொன்னது வேற: "உன்னால திரைக்கு ஒரு குறைன்னு காதுல விழுகட்டும், அதோட வீட்டுலயே கெட." கல்யாணமாகி வந்த பிறகு நான் வாசலைத் தாண்டினதே இந்த வேலைக்குத்தான்.

தையல் விழுந்த இடம்

தறித்துணிக்கு அகலம் பத்தாது. ரெண்டு துண்டை மேலும் கீழுமா வச்சு நடுவில் தைச்சேன். முதல் நாள் படம் விழுந்ததும் திரையில எல்லார் மூக்குக்கும் குறுக்கே ஒரு கோடு. வாத்தியார் திரும்பி என்னைத் தேடினார். நான் திரைக் கம்புக்குப் பின்னால ஒதுங்கிக்கிட்டேன்.

படம் ஓட்டுற ஆபரேட்டர் மிஷினுக்கு அடியில் ஒரு செங்கல்லை வச்சுப் படத்தை மேலே தூக்கினார். கோடு கழுத்துக்கு இறங்கிருச்சு. "விடுங்க சார், சங்கிலி போட்டிருக்காகன்னு நெனச்சுக்கிருவாக" என்றார்.

கயித்தைப் பிடிச்சவள்

ரெண்டாம் நாள் ஆடிக் காத்து. திரை கப்பல் பாய் மாதிரி புடைச்சது. கம்பு சாஞ்சா என் கதையும் சாஞ்சது. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, கம்பைக் கட்டின கயித்தை ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டேன். அந்தப் பக்கமிருந்து பார்த்தா படத்தில் எல்லாரும் இடது கையால் சாப்பிட்டாங்க. ஒரு கிழவர் நடந்தார், நடந்தார், நடந்துக்கிட்டே இருந்தார்.

படம் முடிஞ்சதும் அதை எடுத்தவர் பின்பக்கம் வந்தார். கண் கலங்கியிருந்தது. நான் இன்னும் கயித்தை விடலை. "எல்லாரும் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்கம்மா. நீங்க ஒருத்தர்தான் கடைசி வரைக்கும் இருந்தீங்க" என்றார்.

மாடு வந்த படம்

காத்தில் துணி கசங்கிப்போச்சு. "சேலைக்குப் போடுற மாதிரி கஞ்சி போடு, வெறப்பா நிக்கும்" என்றாங்க அத்தை. தறிக்காரங்க எங்களுக்கெல்லாம் அதுதானே பழக்கம்? மூணாம் நாள் திரை பலகை மாதிரி நின்னது. படத்தில் ஒரு அம்மா பேசாமல் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பிள்ளை அழுததுன்னு செத்த நேரம் அந்தண்டை போனேன். திரும்பி வந்தா, திரைக்குப் பின்னால் ஒரு மாடு நின்னு கஞ்சியை ருசிச்சு நக்குது! முன்பக்கம் அந்த அம்மா கன்னம் வீங்குது, சுருங்குது. கொம்பு பட்டா துணி கிழிஞ்சிரும். அதோட எல்லாம் போச்சு. கொம்பைப் பிடிச்சு இழுத்தேன். முன்னால் ஒரே கைதட்டல்.

கடலை விற்கிறவர் எட்டிப் பார்த்தார். "தாயீ, மூணு நாளா பார்த்ததுல இந்த மாடு வந்த எடந்தான் எனக்குப் புரிஞ்சுச்சு."

படம் முடிஞ்சதும் துணியை எடுத்துப் போக எங்க வீட்டுக்காரர் சைக்கிளில் வந்துட்டார். ஈரமா இருந்த இடத்தை விரலால் நிமிண்டி, வெளிச்சத்துக்குத் தூக்கி, கிழிசல் தேடினார். நான் பிள்ளையை இறுக்கிக்கிட்டு நின்னேன். மடிச்சுக் கேரியரில் கட்டின பிறகுதான் வாயைத் திறந்தார்: "அடுத்த மாசம் கஞ்சி போடாத."

ஆகமொத்தம் மூணு நாளும் பயந்து பயந்து நான் தெரிஞ்சுக்கிட்டது என்னன்னா, திரை கட்டுறவ கூட்டத்துக்குப் பயப்படலாம், காத்துக்குப் பயப்படலாம், ஆனா

"ஏ புள்ள! நம்ம மாடு அவுத்துக்கிருச்சு, கொடியைப் பாரு!" அத்தை கூப்பிடுறாங்க, இந்தா வாரேன்னு