ஒரு சொடக்கில் பாதி

பட்டாளத்திலிருந்து லீவில் ராஜபாளையம் வந்த சித்தப்பா, டிரங்குப் பெட்டியில் அட்டை கிழிந்த அமெரிக்க காமிக்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும் என்பதால் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி அவரே கதை சொன்னார். கத்திரிக்காய் நிறத்தில் ஒரு தடியன், மோவாயில் ஏர் உழுத மாதிரி கோடுகள். நட்சத்திரங்களுக்கு நடுவே நின்று ஒரு சொடக்கு போட்டானாம். எல்லா உலகங்களிலும் இருந்த உயிர்களில் பாதி இல்லாமல் போய்விட்டதாம்.

கெட்டவர்களில் பாதியா என்று கேட்டேன். இல்லை, எல்லாரிலும் பாதி என்றார். நம் ஊர் அசுரர்களுக்கு ஒரு கோபம் இருக்கும், ஒரு வரம் இருக்கும், அவர்களை முடிக்க ஒரு சாமியும் இருக்கும். இவனுக்கு யார்மேலும் கோபமே இல்லை. கோபமே இல்லாதவனிடம் என்ன சொல்லிக் கெஞ்சுவது?

எங்கள் வீட்டில் சொடக்கு என்றால் திருஷ்டி கழிப்பது. அப்பாவின் அக்கா, என் அத்தை, பிள்ளைகள் முகத்தை இரண்டு கையாலும் வழித்து, விரல்களை மடக்கித் தன் நெற்றிப்பொட்டில் வைத்து அழுத்துவாள். படபடவென்று முறியும். சத்தம் கூடினால் கண்ணேறு கூடப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தடியனும் இப்படித்தான் செய்திருப்பான் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

அந்த வாரமே அம்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் இரட்டைப் பிள்ளை பிறந்தது. ஒரு தம்பி, ஒரு தங்கை. தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. இரண்டில் பாதி ஒன்று என்ற கணக்கு போடத் தெரியாத வயதா அது?

மறுநாள் அத்தையோடு பஸ்ஸில் போனேன். வாய் ஓயாத அத்தை வழியெல்லாம் பேசவில்லை. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். பக்கத்தில் தங்கை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். தம்பி ரொம்பச் சின்னவன், அழவே இல்லை. அத்தை குனிந்து அவன் முகத்தை வழித்தாள். விரல்களை மடக்கி நெற்றிக்குக் கொண்டுபோனாள். நான் பாய்ந்து அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன்.

"வேண்டாம் அத்தை. சொடக்குப் போட்டா ரெண்டுல ஒண்ணு செத்துப்போகும்."

பச்சைப் பிள்ளை பக்கத்தில் அந்தச் சொல்லைச் சொன்னதற்கு முதுகில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அத்தையின் முகம் வெளிறிப் போயிருந்தது. என் தோளை இறுக்கிப் பிடித்து, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஒனக்கு யாருட்டி சொன்னா? டாக்டர் பேசுனதக் கேட்டியா?"

காமிக்ஸில் வந்ததை விடப் பெரிய பயம் அப்போதுதான் என்னைப் பிடித்தது. நான் பயந்தது நிஜமாகவே நடக்கப் போகிறது. பெரியவர்களுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. பிள்ளை பெற்ற உடம்பு தாங்காது என்று அம்மாவிடம் மட்டும் மறைத்திருக்கிறார்கள். ஆனால் அம்மா தூங்கவில்லை.

"எந்தப் பிள்ள மதினி?" என்றாள்.

அத்தையின் கண் தம்பி பக்கம் போய்விட்டது. எழுந்து உட்காரக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தும் அம்மா எழுந்தாள். துணியை விலக்கித் தம்பியை மார்போடு போட்டுக்கொண்டாள். யார் கேட்டும் கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம் அவன் அங்கேயே அடங்கிப்போனான்.

அதற்குப் பிறகு ரொம்ப நாள் அம்மா முன்னால் நிற்கவே பயந்தேன். என் வாயிலிருந்து வந்த சொல்தான் அவனைக் கொண்டுபோனது என்று அவளும் நினைப்பாளோ என்று பயம். சில வருஷம் கழித்து, தங்கைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தபோது அம்மாவாகவே சொன்னாள்.

"அன்னைக்கு நீ சொல்லலைன்னா, அழுத பிள்ளையத்தான் தூக்கி வச்சிருப்பேன். அவன் தனியாப் போயிருப்பான்."