ஆரல்வாய்மொழிக் காற்றில் சர் ரோஜர்

முடிச்சைப் பிடரியில் போடுவதா, தாடைக்கடியில் போடுவதா என்ற கேள்வி சுயம்புவுக்கு இருபத்தாறு வருஷங்களுக்கு முன்பே தீர்ந்துவிட்டது. தாடைக்கடியில்தான். குளித்துத் துவட்டிய துவர்த்துத் துண்டை நீளவாக்கில் மூன்றாக மடித்து, உச்சந்தலையிலிருந்து இரண்டு காதுகளையும் மூடி இறக்கி, தாடைக்குக் கீழே இரட்டை முடிச்சு. அடுத்தது பேனா. அது சட்டையின் இரண்டாவது பொத்தானோடு நூலால் கட்டப்பட்டிருக்கிறது. செருப்புக்குப் பின்வார். நாற்பது பக்க நோட்டுக்குக் குறுக்கும் நெடுக்குமாக நான்கு ரப்பர் வளையங்கள். இவ்வளவும் கட்டி முடித்த பிறகே காலை ஆறு மணிக்கு வீட்டுக் கதவைத் திறப்பார். ஆனி மாதத்தில் மட்டும் இதுவரை ஏழு தொப்பிகள், ஒரு குடை, ஒரு ரேஷன் கார்டு ஆகியவற்றைக் கணவாய்க் காற்றுக்குக் கொடுத்திருக்கிறார். ரேஷன் கார்டு திரும்பக் கிடைத்தது.

ஒன்பதாம் நம்பரிலிருந்து இருபத்திரண்டாம் நம்பர் வரை, காற்றில் மின்சாரம் எடுக்கும் பதினான்கு காத்தாடிகள் அவர் பொறுப்பு. கம்பெனிக்காரர்கள் அவரை ஆப்பரேட்டர் என்பார்கள். மணிக்கொருமுறை மீட்டர் பார்த்து எழுதுவார். ஒரு மணிக்கும் அடுத்த மணிக்கும் இடையில், அதே பேனாவால், ஆயிரத்து இருநூற்று நாற்பத்து மூன்றாம் வருஷத்து இங்கிலாந்தில் ஒரு காதல் கதையை எழுதுவார். பெயர் ‘கென்ட் கோட்டைக் குமரி’. கதை வெளியிடும் கைபேசிச் செயலி ஒன்றில் வியாழக்கிழமைதோறும் ஒரு அத்தியாயம் வரும். நானூற்றுப் பன்னிரண்டு பேர் விடாமல் வாசிக்கிறார்கள்.

இங்கிலாந்து அவருடைய முதல் விருப்பம் அல்ல. முதலில் நாஞ்சில் நாட்டுக் குறுநிலத் தலைவன் ஒருவனை வைத்து ஐந்து அத்தியாயங்கள் எழுதினார். தோவாளை முதல் சுசீந்திரம் வரை பதினொரு பேர் தேடி வந்து, அந்தத் தலைவன் தங்கள் குடும்பத்து ஆள் என்றும், அவர் அப்படியெல்லாம் குமரிப் பெண்களைப் பார்க்கிறவர் இல்லை என்றும் சண்டை பிடித்தார்கள். ஒருவர் வம்சவரிசையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அன்று சாயங்காலமே சுயம்பு கடல் தாண்டினார். “அங்கேருந்து எவனும் பஸ் ஏறி வந்து எங்க தாத்தா அப்பிடி இல்லன்னு சொல்ல மாட்டாம்லா,” என்பார்.

நாகர்கோவிலில் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகம்தான் ஆதாரம். அதில் கோட்டை உண்டு, குதிரை உண்டு, இரும்புச் சட்டை உண்டு. காற்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதை சுயம்பு தன் கைச்சரக்கிலிருந்து போட்டுக்கொண்டார்.

ஆகவே அவருடைய கென்டில் எல்லாக் கோட்டைக் கதவும் கிழக்குப் பார்த்தது. குதிரைகள் மேற்கே சாய்ந்து நடக்கும். சீமாட்டிகள் சடையை இடுப்பில் செருகிக்கொள்வார்கள். காதல் கடிதத்தைக் கல்லில் சுற்றியே கொடுப்பார்கள். அப்படி வந்த ஒரு கடிதம் பட்டு, பதினெட்டாம் அத்தியாயத்தில் கதாநாயகி மட்டில்டாவின் தோழிக்கு நெற்றியில் மூன்று தையல். பிஷப்பின் குல்லாவை ஊரே துரத்திப் பிடிப்பது நாற்பத்தோராம் அத்தியாயம் முழுக்க நடக்கிறது. கதாநாயகன் சர் ரோஜர் வாள் சண்டைக்கு முன் செய்யும் ஒரே தந்திரம், எதிராளிக்கு மேற்கே போய் நின்றுகொள்வது. மிச்சத்தைப் புழுதி பார்த்துக்கொள்ளும். சர் ரோஜர் தலைக்கவசத்தை ஒருபோதும் கழற்றுவதில்லை. கழற்றினால் யார் போய்ப் பொறுக்குவது?

கம்பெனி என்ஜினீயர் ரிஜ்வான் பயிற்சிக்காக இரண்டு வாரம் இங்கிலாந்து போய் வந்தவர். பொறுக்கமாட்டாமல் ஒருநாள் சொன்னார்.

“அண்ணே, அங்க இம்புட்டு காத்து கிடையாது. மழதான் சும்மா நசநசன்னு பெய்யும்.”

“நீரு எப்பம் போனீரு?”

“போன வருசம்.”

“நா எழுதுகது எண்ணூறு வருசத்துக்கு முன்ன. அப்பம் காத்தப் புடிச்சு கரண்டு எடுக்க ஆளு உண்டுமா? கெடயாது. அவ்வளவு காத்தும் அப்பிடியே சும்மால்லா வீசிட்டு கெடந்துருக்கும்.”

ரிஜ்வான் மீட்டர் பார்க்கப் போய்விட்டார்.

இந்தக் காற்றினால் வந்த பெரிய விளைவு, கென்டில் எல்லோரும் கத்துகிறார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசுவதானாலும் கையை வாயருகே குவித்துக்கொள்கிறார்கள். சுயம்புவுக்கு அது விசேஷமாகப் படவில்லை. அவர் வீட்டில் மனைவி பூங்கனி இட்லி மாவு அரைத்து விற்கிறார். உள்ளே இரண்டு கிரைண்டர், வெளியே காற்று. அவர்கள் கல்யாணமே கத்தலில் முடிவானதுதான். தொண்ணூற்றாறாம் வருஷம் ஆவணியில், சாலையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் நின்ற பூங்கனியிடம், “ஒன்னயக் கெட்டிக்கிடட்டா?” என்று சுயம்பு கேட்டார். முதலில் பதில் சொன்னவர் நடுவில் வந்து நின்ற பஸ்ஸின் கண்டக்டர். “கெட்டிக்கிடும்வே, நல்ல பிள்ள!”

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்குப் பூங்கனி சாப்பாட்டுத் தூக்கோடு வருவார். பதினாறாம் நம்பர் நிழலில் உட்கார்ந்து புது அத்தியாயத்தை சுயம்பு வாசிப்பார், அதாவது கூவுவார். அது நூறு கோல் தள்ளி ஆடு மேய்க்கும் தாணுமாலயனுக்கும் கேட்கும். வியாழக்கிழமை வாசகர்களுக்கு வருவதைத் தாணுமாலயன் செவ்வாய்க்கிழமையே டீக்கடையில் சொல்லி முடித்திருப்பார்.

தொண்ணூற்றொன்பதாம் அத்தியாயம் வந்த மறுநாள் செயலியில் ஒரு கருத்து விழுந்தது. எழுதியவர் தேங்காப்பட்டணம் சஜ்னா. முதல் அத்தியாயத்தின் முதல் வாசகி. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் பாதிப் பேருக்கு மேல் அவர் சொல்லி வந்தவர்கள்.

“அண்ணே, கோவப்படாதீங்க. இந்த ரோஜர் மனுசன் எதுக்கு எப்பளும் கூப்பாடு போடுயாரு? குதிர மேல இருந்தும் கத்துயாரு, சர்ச்சுக்குள்ளயும் கத்துயாரு. தலையில கவுத்துன அந்த இரும்புச் சட்டிய கழத்தவும் இல்ல. அவருக்கு மூஞ்சி உண்டுன்னு நானும் இல்லன்னு எங்க உம்மாவும் பந்தயம். நூறாவது அத்தியாயத்துல அவரு மனசுல உள்ளத மட்டில்டா காதுல மெதுவா சொல்லணும். அதையும் கத்துனாருன்னா நா இத்தோட நிறுத்திக்கிடுவேன். சொல்லிட்டேன்.”

அதன் கீழே அறுபத்து மூன்று பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

சுயம்பு அன்று இரவுச் சாப்பாட்டில் இரண்டாவது தோசை கேட்கவில்லை. பழைய நோட்டுகளை எடுத்துவைத்து எண்ணிப் பார்த்தார். ‘உரக்கக் கூவினான்’ முந்நூற்று நாற்பத்தொரு இடங்களில் இருந்தது. ‘காதோடு சொன்னான்’ ஓரிடத்திலும் இல்லை. மறுநாள் பதினான்கு காத்தாடிகளையும் சுற்றிவந்தபடி, “மட்டில்டா என்று மெல்லச் சொன்னான்” என்று எழுதினார். அடித்தார். “மெல்லச் சொன்னா அவளுக்கு எப்பிடிவே கேக்கும்?” என்று சர் ரோஜரையே கேட்டார். தான் செய்து பார்க்காத எதையும் அவர் எழுதியதில்லை. வாள் சண்டைகூட இருபத்துநாலாம் அளவு ஸ்பேனரை வைத்து வீசிப் பார்த்து எழுதியதுதான். மெதுவாகப் பேசுவதை மட்டும் எங்கே போய்ச் செய்து பார்ப்பது?

ஞாயிறு, திங்கள் போயின. செவ்வாய்க்கிழமை நோட்டு வெள்ளையாக இருந்ததைப் பார்த்து ரிஜ்வானுக்கே பரிதாபமாகிவிட்டது.

“பதினேழு நிக்குது அண்ணே. கியர்பாக்ஸ எறக்கியாச்சு. அடியில உள்ள கதவத் தொறந்து உள்ள போயி சாத்திக்கிட்டா ஒரு சத்தம் இருக்காது. போயி என்னமும் குசுகுசுங்க.”

புதன்கிழமை பன்னிரண்டரைக்கு சுயம்பு பதினேழாம் நம்பரின் கோபுரத்துக்குள் நுழைந்தார். கதவை மட்டும் சாத்த மறந்தார். ஏணியின் முதல் படியில் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, அவரைப் பொறுத்தவரை மிக மெதுவாக, “மட்டில்டா! என் உயிர் உன்னிடம் இருக்கிறது!” என்றார். இரும்புக் குழாய் அதை முப்பத்தைந்து மீட்டர் மேலே கொண்டுபோய், நன்றாகப் பெருக்கி, கீழே கொண்டுவந்து, கதவு வழியாக வெளியே விட்டது. ஆடுகள் சிதறி ஓடின.

“மட்டில்டாவுக்கு சம்மதமாம் ஓய்!” என்று தாணுமாலயனின் குரல் வந்தது. “ஆடி பொறக்கதுக்கு முன்ன கெட்டி வச்சிரும்!”

அப்போதுதான் பூங்கனி தூக்கோடு வந்தார். உள்ளே நுழைந்து கதவை இழுத்துச் சாத்தினார்.

“என்ன செய்யுதிய?”

அந்தக் கேள்வி மேலே போய்த் திரும்பி வந்து இருவர் தலையிலும் விழுந்தது. இருவரும் பயந்துபோய் வாயை மூடிக்கொண்டார்கள். கிரைண்டர் இல்லை. காற்று இல்லை. பூங்கனியின் வளையல் தூக்கில் தட்டும் ஒலி கேட்டது. அப்படி ஒரு ஒலி உண்டென்பது சுயம்புவுக்கு அன்றுதான் தெரியும்.

“மெதுவா சொல்லிப் பழகுகேன்,” என்றார், பாதிக் குரலில்.

“யாருட்ட?”

“மட்டில்டாட்ட.”

“அவ எங்க கெடக்கா?”

“கென்டுல.”

“நா இங்கதான நிக்கேன். எங்கிட்ட சொல்லிப் பாருங்க.”

சுயம்பு ஏணியைப் பார்த்தார். எழுந்து நின்றார். “மட்டில்டா...”

“அந்தப் பேரு வேண்டாம்.”

“பூங்கனி, என் உயிர்...”

“என்னத்துக்கு மைக்குல பேசுகது மாதிரி? இன்னும் கொஞ்சம் மெதுவா. நா ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கல.”

மூன்றாவது தடவை அவர் சொன்னது இரண்டு பேருக்கு மட்டும் தெரியும். தாணுமாலயன் வந்து கதவில் காதை வைத்துப் பார்த்தும் ஒரு சொல்கூடக் கிடைக்கவில்லை. கதவு திறந்தபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டு. சாப்பாடு ஆறியிருந்தது. பூங்கனி தாணுமாலயனைப் பார்த்து, “ஆட்டப் போயி பாரும் அண்ணாச்சி,” என்றார். அதையும் மெதுவாகத்தான் சொன்னார். அதனால் தாணுமாலயனுக்குக் கேட்கவில்லை.

நூறாம் அத்தியாயம் வியாழக்கிழமை வந்தது. இருநூற்றுப் பதினான்கே சொற்கள். சர் ரோஜர் மட்டில்டாவைத் தானியக் களஞ்சியத்துக்குள் அழைத்துப் போகிறார். கதவைச் சாத்துகிறார். தலைக்கவசத்தைக் கழற்றிக் கோதுமை மூட்டையின் மேல் வைக்கிறார். குனிந்து காதில் ஏதோ சொல்கிறார். மட்டில்டா சிரிக்கிறாள். முற்றும் என்று போடவில்லை, அவ்வளவுதான் அத்தியாயம். என்ன சொன்னார் என்று கேட்டு நூற்றெட்டுப் பேர் சண்டைக்கு வந்தார்கள். சஜ்னாவின் கருத்து கடைசியாக வந்தது. “எங்க உம்மா தோத்தாச்சு. மூஞ்சி உண்டு. என்ன சொன்னாருன்னு நா கேக்க மாட்டேன். அடுத்தது எப்பம் அண்ணே?”

வெள்ளிக்கிழமை காற்று விநாடிக்குப் பதினேழு மீட்டர். பன்னிரண்டே முக்காலுக்குப் பூங்கனி சேலை முந்தானையைப் பல்லில் கடித்தபடி, காற்றில் சாய்ந்து நடந்து, பதினாறாம் நம்பர் நிழலுக்கு வந்து சேர்ந்தார். முந்தானையை விட்டுவிட்டுக் கத்துவதற்காக வாயைத் திறந்தார். மோரில் உப்புப் போட மறந்த விஷயமாக இருக்கலாம். சுயம்பு கையைக் காட்டி நிறுத்தினார். தாடைக்கடியில் இருந்த இரட்டை முடிச்சை அவிழ்த்தார். துவர்த்து எழும்பிப் பறந்து, பதினெட்டாம் நம்பர் வேலிக் கம்பியில் போய் மாட்டிப் படபடத்தது. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலையைக் குனிந்து, வலது காதைப் பூங்கனியின் வாயருகே கொண்டுபோனார்.