பாலை மோந்து பார்க்கும் உத்தியோகம்

என் வீட்டில் எனக்கென்று இருந்த அதிகாரம் ஒன்றே ஒன்றுதான்: பால் கெட்டுவிட்டதா இல்லையா என்று மோந்து பார்த்துச் சொல்வது. சுவருக்கு என்ன நிறம், மகள் என்ன படிப்பது என்பதிலெல்லாம் என் கருத்தைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு வேறொன்றைச் செய்வார்கள். பால் விஷயத்தில் மட்டும் என் சொல்தான் தீர்ப்பு. மனைவிக்கு வருடம் முழுக்கச் சளி. எங்கள் ஃப்ரிட்ஜோ, கரண்ட் போகும் முன்பே குளிர்ச்சியை விட்டுவிடும் ரகம். அதனால் சொம்பு என் மூக்கருகே வரும். நான் கண்ணை மூடி, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டு, "ஆவும்" அல்லது "ஆவாது" என்பேன்.

ஊரையே படுக்கவைத்த அந்தக் காய்ச்சல் எனக்கும் வந்தது. போகும்போது வாசனையைக் கையோடு எடுத்துப் போய்விட்டது. மற்றவர்களுக்கு ஓரிரு மாதத்தில் திரும்பி வந்தது. எனக்கு வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. பதவி போன மந்திரிகூட அரசாங்கக் காரை அன்றைக்கே திருப்பிக் கொடுப்பதில்லை.

சில வாரம் குத்துமதிப்பாகவே ஓட்டினேன். ஒரு நாள் நல்ல பாலைக் கொட்ட வைத்தேன். இன்னொரு நாள் காபி திட்டுத்திட்டாகத் திரிந்தபோது பழியை டிகாக்ஷன் மேல் போட்டேன். இப்படியே போனால் மாட்டிக்கொள்வேன் என்றிருந்த சமயத்தில்தான் செல்போனில் ஒரு கட்டுரை கண்ணில் பட்டது. பாலில் மிதக்கும் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் ஒளியை நாலாபக்கமும் சிதறடிக்கின்றனவாம்; பால் வெள்ளையாகத் தெரிவதே அதனால்தானாம். புளிக்கத் தொடங்கியதும் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சிதறும் விதம் மாறிவிடும். மூக்குக்கு எட்டும் முன்பே ஒளிக்குத் தெரிந்துவிடும்.

பட்டுக்கடையில் வேலை பார்க்கிறவன் நான். உள்ளே டியூப்லைட்டில் அரக்காக இருக்கும் புடவை வாசல் வெயிலில் வேறு நிறமாகிவிடுவதை இருபது வருடமாகப் பார்க்கிறேன். ஒளி ஆளை எப்படியெல்லாம் ஏய்க்கும் என்று தெரியும். தெரிந்தும் நம்பினேன். வேறு கதி இல்லை.

கடையிலிருந்து ஒரு புடவை டப்பா. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய, பிள்ளைகள் விளையாடும் சிவப்பு லேசர் விளக்கு. ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மருந்துச் சொட்டுக்குழாயால் எண்ணி விட்ட பால். விளக்கை ஒரு பக்கம் வைத்து, பக்கவாட்டில் சிதறும் வெளிச்சத்தைச் செல்போன் அளந்து எண்ணாகக் காட்ட ஏற்பாடு. தினமும் வாங்கும் அதே பாக்கெட் பால்தான். புதிதாக இருக்கையில் ஒரு எண்ணைச் சுற்றியே நிற்கும். கெட ஆரம்பித்தால் எண் அங்கிருந்து நகர்ந்துவிடும். பத்து நாள் சோதித்து டப்பா மூடியில் எழுதி வைத்துக்கொண்டேன்.

சொம்பைத் தூக்கிக்கொண்டு பீரோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்துவதற்கு மனைவி காரணம் கேட்டாள்.

"இங்க சாம்பார் வாசனை குறுக்க வருது" என்றேன்.

அசந்துவிட்டாள். அன்று சாம்பாரே வைக்கவில்லை என்பதைக்கூடக் கவனிக்கவில்லை. ஒரு தப்புகூட இல்லாமல் மாதங்கள் போயின. பக்கத்து வீட்டுக்காரம்மா தன் பாலையும் அனுப்ப ஆரம்பித்தார்.

மகளுக்குச் சேத்துப்பட்டில் ஒரு இடம் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. பையனின் அப்பா அம்மா முதல் முறையாக எங்கள் வீட்டுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளே இரண்டு லிட்டர் பால் வாங்கி வைத்தோம். ராத்திரி கரண்ட் போய்விட்டது. காலையில் டப்பாவில் பார்த்தால், எண் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. வெளியே வந்து "ஆவாது" என்றேன்.

செய்யாறு கம்பெனியில் வேலை செய்யும் என் மகள் சொம்பை வாங்கி மோந்தாள். "நல்லாத்தாம்மா கீது. எனக்கு ஒண்ணும் வரல."

"உனக்கு வராது. இப்பத்தான் ஆரம்பிக்குது. அதுக்குன்னு தனி மூக்கு வேணும்" என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அப்டியா? கண்ண மூடுப்பா."

மூடினேன். மூக்குக்குக் கீழே எதையோ நீட்டினாள். ஆழமாக இழுத்தேன். விருந்தாளிக்காகப் புதிதாக வாங்கியது நினைவுக்கு வந்து, "காபித்தூள்" என்றேன்.

கண்ணைத் திறந்தால், அவள் கையில் கட்டிப் பெருங்காயம்.

"எம்மா நாளா?" என்றாள் மனைவி.

"காய்ச்சல்லருந்து."

"அப்ப இம்மா நாளும் இன்னாத்த மோந்துகினு இருந்தீங்க?"

டப்பாவைக் கொண்டுவந்து காட்டினேன். மகள் விளக்கை அமுக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யம்மா, புடவ டப்பால லைட்டு போட்டு ஜோசியம் பாத்துகினு இருந்துகிறாரு!"

"ஜோசியம் இல்ல. விஞ்ஞானம்."

"அவங்க பஸ்ஸு ஏறியாச்சாம், இந்த பேஜார்ல விஞ்ஞானம் வேற" என்று மனைவி பாலைத் தூக்கி அடுப்பில் வைத்தாள்.

மூன்று பேரும் பாத்திரத்தைச் சுற்றி நின்றோம். பால் திரிய வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்நாளில் அன்று ஒரு தடவைதான். மகளுக்குச் சம்பந்தம் பேச வரும் நாளில் எந்தத் தகப்பனும் வேண்டக்கூடியதல்ல. ஓரத்தில் முதலில் ஒரு சுருக்கம். பிறகு மொத்தமும் திட்டுத்திட்டாகப் பிரிந்து வெளிறிய தண்ணீர் விட்டது. சிரிக்கக் கூடாது என்றுதான் முயன்றேன்.

மனைவி என்னைப் பார்க்கவே இல்லை. டப்பாவைத்தான் பார்த்தாள். "ஜல்தியா போயி ரெண்டு பாக்கெட்டு வாங்கினு வாங்க" என்றாள். வாங்கி வந்ததும், "எத்தினி சொட்டு வுடணும்? எங்க அமுக்கணும்?" என்று கேட்டாள். கட்டுரையில் படித்ததையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பாக்கெட் தேறவில்லை. திருப்பிக் கொடுக்க மறுபடி ஓடினேன்.

வந்தவர்கள் காபி நன்றாக இருக்கிறது என்றார்கள். மனைவி டப்பாவை எடுத்துவந்து, துகள்கள் ஒட்டிக்கொள்வதையும் ஒளி சிதறுவதையும் தானே கண்டுபிடித்ததுபோல் விளக்கினாள். மகள் விளக்கைப் பிடித்தாள். பையனின் அம்மா குனிந்து பார்த்து, தங்களுக்கும் ஒன்று செய்து தரச் சொன்னார்.

பையனின் அப்பா என் பக்கம் திரும்பி, "இதுல உங்க வேல இன்னாங்க?" என்றார்.

"டம்ளர் கழுவறதுங்க" என்றேன்.

அவர் டப்பாவின் மேல் குனிந்திருந்த தன் மனைவியை ஒருமுறை பார்த்துவிட்டு, சற்றுத் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.